ஒவ்வொரு முறையும் வேறு இடம்

பல நாட்டவர் கூலியின்றிக் கூடி எழுதும் ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், வழக்கொழிந்த ஒருவகைக் கணினிக்கான பகுதியை ஒரு ரேடியோ மெக்கானிக் தனியாளாகத் தாங்கி வந்தார். அன்று மாலைக்குள் அது முழுதாகக் கம்பைல் ஆகாவிட்டால் அதை நீக்கிவிடுவார்கள். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரோ பாதியிலேயே நின்று விழுந்துகொண்டிருந்தது. அதில்தான் பிழையென்று ஒரு வாரமாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

“என் முகத்த என்னைக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா?” என்றாள் மனைவி, திரையையே பார்த்திருந்தவரிடம்.

“நீ பாதியில நின்னதில்லையே!”

“நின்னாதான் தெரியும் என் அருமை.”

கம்பைலர் மறுபடி விழுந்தது.

“அதே இடத்துலயா?” என்று சும்மா கேட்டாள்.

அவர் பழைய பிழைக் குறிப்புகளைப் புரட்டினார். நேற்று விழுந்தது ஒரு கோப்பில், காலையில் வேறொன்றில், இப்போது இன்னொன்றில். கம்பைலரில் பிழையென்றால் ஒரே இடத்தில் அல்லவா விழ வேண்டும்? கணினிப் பெட்டியைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது. செத்துக்கொண்டிருந்தது கணினிதான். அந்த வகையில் அவரிடமிருந்த கடைசிக் கணினி.

“ஐயோ, இதுக்கு மாத்து இல்லையேடி!”

கேலி பேசியவள் காலண்டர் அட்டையை எடுத்துப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினாள். “மறுபடி ஓட்டுங்க.”

ஓட்டினார். வெயில் சாய்வதற்குள் கம்பைலர் இன்னொரு புதிய இடத்தில் விழுந்தது. அவள் விசிறுவதை நிறுத்தவில்லை.