யங்சில் கையில் இருந்த முத்திரை

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒளிவாசல் சபையில் தோ யங்சில் நாற்பது வருடம் ஊழியம் செய்தாள். அத்தனை வருடமும் அவள் ஆசைப்பட்டது க்வொன்சா பட்டத்துக்கு மட்டும்தான். அந்தச் சபையில் பெண்கள் ஏறக்கூடிய கடைசிப் படி அது. அதற்கு மேல் மூப்பர்கள், எல்லோரும் ஆண்கள். மூப்பருக்கு மேல் போதகர். போதகருக்கு மேல் கர்த்தர் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சபையார் ஓட்டுப் போட்டுத் தரும் பட்டத்தை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. யங்சிலும் கேட்கவில்லை. விடியற்கால ஜெபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தனக்குத் தாழ்மையைத் தரச் சொல்லி ஜெபித்தாள். அப்படியும் இரண்டு தடவை தோற்றாள்.

அவள் கணவன் சங்தே டவுன் பஸ் ஓட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலணைக்குப் போய்விடுவான். மனைவியை மகள் நாரேயின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"நாரே அம்மா, பரலோகத்துலயும் உன்னைப் பாத்திரம் கழுவுற குழுவுலதான் போடுவாங்க பாரு. நான் நரகத்துல காலை நீட்டி உக்காந்திருப்பேன்."

"உக்காரவா விடுவாங்க உங்கள? வறுத்துல்ல எடுப்பாங்க."

பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு இருபது மணி நேரம் சமூக சேவை செய்ததாகச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்த காலம் அது. சபையும் ஓர் இளைஞர் சேவைக் குழு ஆரம்பித்தது. பொறுப்பு ஏற்க யாரும் முன்வராததால் அது யங்சில் தலையில் விழுந்தது. சான்றிதழில் குத்தும் சிவப்பு முத்திரையும் அவள் கைக்கு வந்தது. அதுவரை அவள் பெயர்கூடத் தெரியாத தாய்மார்கள் மறு வாரமே பேரிக்காய்ப் பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

சனிக்கிழமைதோறும் முப்பது பிள்ளைகள் வருவார்கள். கடற்கரையில் குப்பை பொறுக்கும்போது ஒருத்தன் கேட்பான், "டீச்சர், மழைக்கு ஒதுங்கி நின்ன நேரமும் இதுல சேருமா?"

"பொறுக்குன குப்பையக் காட்டு, சொல்றேன்."

செய்யாத வேலைக்கு அவள் ஒரு நிமிடம்கூட எழுதியதில்லை. மகளுக்குக்கூட இல்லை. பதினாலு வயது நாரே ஒருநாள் அம்மா முன்னால் ஒரு தாளை வைத்தாள். அரிசி களைந்தது, அப்பா சட்டை துவைத்தது, அம்மாவைத் தேடிப் போனது என்று வரிசையாக எழுதி, முந்நூறு மணி நேரம் என்று கூட்டிப் போட்டிருந்தாள்.

"சொந்த வீட்டு வேலையெல்லாம் சேவைல வராதுடி."

"அப்ப நீ செய்யறதும் வராதும்மா. சபைதானே உன் சொந்த வீடு?"

யங்சில் தொடர்ந்து மூன்று நாள் மகளுக்குக் கடற்பாசித் தாளில் சோறு வைத்துக் கிம்பாப் சுருட்டிக் கொடுத்தாள். நாலாம் நாள் இளைஞர் முகாம் வந்துவிட்டது.

குளிர்காலம் தொடங்கும் முன் தனியாக வாழும் முதியவர்களுக்குச் சபை கிம்ச்சி போட்டுக் கொடுக்கும். முட்டைக்கோஸ் நறுக்கி, உப்பில் ஊறவைத்து, மிளகாய் விழுது பூசி எடுப்பது பெண்கள். பதாகையில் சிரிப்பது போதகர். அந்த வருடம் மேட்டுக் குடியிருப்பில் தக்பே என்ற கிழவருக்கு யங்சில் பிள்ளைகளோடு போய் டப்பாவை நீட்டினாள். அவர் வீட்டில் ஏற்கெனவே நாலு சபைகளும் ஒரு புத்த விகாரையும் கொடுத்த டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"வைக்க இடமில்லம்மா. போட்டோதானே வேணும் ஒங்களுக்கு? எடுத்துக்கங்க. மொதல்ல அந்தக் கக்கூஸக் கழுவி விடுங்க."

பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். யங்சில் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு இரண்டு வருடம், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கேதான். கிழவர் நன்றி சொன்னதில்லை. மூலையில் அழுக்கு இருக்கிறது என்றுதான் சொல்வார். சபைப் புகழ்ச்சியில் ஊறிப் புளித்துப்போன யங்சிலுக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாவது ஓட்டெடுப்புக்கு ஒரு மாதம் இருந்தபோது, சபைக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்த மூப்பரின் மனைவி கூ மிஹ்வா வீட்டுக்கே வந்தாள்.

"சகோதரி, எங்க யெரினுக்கு இருபது மணி நேரம் போட்டுருங்க. கணக்கு ட்யூஷனால பாவம், புள்ளைக்கு வரவே முடியல."

"யெரின் மொகமே எனக்கு மறந்துபோச்சேக்கா."

"அடுத்த மாசம் ஓட்டெடுப்பு வருது. அதாச்சும் ஞாபகம் இருக்கா?"

மிஹ்வா போனபின் யங்சில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். முத்திரையை மையில் தோய்த்தே விட்டாள். க்வொன்சா யங்சில் என்று சொல்லிப் பார்த்தாள். காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அப்போதுதான் மிஹ்வா வைத்துவிட்டுப் போன படிவத்தில் அவளே அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்ததைக் கவனித்தாள்: 'தக்பே முதியவர் வீட்டுக் கழிவறையைச் சுத்தம் செய்தல்.'

அவளைத் தடுத்தது மனசாட்சி என்று சொல்லலாம். ஆனால் அது பொய். பொறாமை. முழங்கால் தேய அவள் கழுவிய கக்கூஸ் அது. அதை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மைப்பெட்டியை மூடினாள்.

ஓட்டெடுப்பில் மூன்று ஓட்டுக் குறைந்து தோற்றாள். மிஹ்வா க்வொன்சா ஆனாள். யெரினின் சான்றிதழில் போதகர் தம் மேசையில் இருந்த சபை முத்திரையைத் தம் திருக்கையாலேயே குத்தினார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் யெரினைச் சேவை விருதுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆசிரியர் கேமராவோடு அவளை மேட்டுக்குக் கூட்டிப் போனார்.

"ஐயா, இந்தப் பொண்ணைத் தெரியுதா?"

"டிவில வர்ற புள்ளையா?"

"ஒங்க கக்கூஸக் கழுவுனது இவதானே?"

கிழவர் யெரினை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? எங்க இருக்கு என் கக்கூஸு, காட்டு பாப்பம்."

யெரின் சமையலறைக் கதவைத் திறந்தாள். பிறகு அழுதாள். அழுதபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மூப்பர்கள் கூடி ஆழ்ந்து ஜெபித்து, தவறு யங்சிலுடையது என்று கண்டுபிடித்தார்கள். "அந்தப் பெரியவர முன்னாடியே தயார்ப்படுத்தியிருக்க வேணாமா சகோதரி?" என்றார் போதகர், வருத்தத்தோடு.

"கக்கூஸத் தயார்ப்படுத்துறதுதான் என் வேலை, போதகரே. பொய்க்கு ஆள் தயார்ப்படுத்துறதுக்கு வேற குழு போட்டுக்கங்க."

முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் வெறுங்கையோடு மேட்டுக்குப் போனாள். முப்பது பேரில் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மூன்றாவதாக யெரின். புதுக் கையுறை, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ட்யூஷன்ல இருக்கேன்னு நெனைச்சிட்டிருக்காங்க."

"சரி, மூலையில தேய்."

யெரின் அந்த வருடம் முழுக்க வந்தாள். கணக்கில் மதிப்பெண் குறைந்தது. மிஹ்வா அதற்காக உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தாள்.

அறுபத்தைந்து வயதில் சபை யங்சிலுக்கு 'கௌரவ' க்வொன்சா பட்டம் கொடுத்தது. ஓட்டில் தேறாதவர்களுக்குக் கிழடானதும் கொடுக்கும் ஆறுதல் பரிசு அது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் விழாவுக்கு இளஞ்சிவப்பு ஹன்போக் உடை தைக்கக் கொடுத்துவிட்டிருந்தாள். நாரே சியோலிலிருந்து வந்தாள். சங்தே முப்பது வருடத்தில் முதல் தடவையாகச் சபைக்குள் நுழைந்து, பிரசங்கம் தொடங்குமுன் தூங்கிப்போனான்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். யங்சில் மைக்கைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூணு தடவ எனக்கு ஓட்டுப் போடாத எல்லாருக்கும் நன்றி. போட்டிருந்தீங்கன்னா இத்தன வருஷமா ஒங்ககூட கமிட்டில உக்காந்திருக்கணும். கர்த்தர் என்னக் காப்பாத்துனாரு."

முதல் வரிசையில் மிஹ்வா பலமாகச் சிரித்துக் கைதட்டினாள்; குத்தல் அவளுக்குப் புரியவில்லை. அந்தச் சத்தத்தில் சங்தே விழித்து, பஸ் ஓட்டும்போதே தூங்கிவிட்டோமோ என்று காலால் பிரேக்கைத் தேடினான்.