ஈ எச்சமும் ஒரு தீவும்

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். ஞாபகமறதியில் உப்பை இரண்டு முறை போடுகிறவர்தான் என் அண்ணி. ஆனால் அவர் கை ஒரு பழைய தாளைத் தொடும்போது பார்த்தவர்கள் அதற்கப்புறம் அந்த உப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்து அறையில் பழைய தாள்களைச் சுத்தம் செய்வது அவர் வேலை. வீட்டில் அவருக்குக் ‘காகித டாக்டர்’ என்று பெயர். அண்ணன் வைத்தது. கோபம் வந்தால் ‘காகிதக் கம்பவுண்டர்’ என்று இறக்கிவிடுவான். பதினோரு வருடமாக அவர் கைக்கு வந்ததெல்லாம் பழுத்துப்போன பதிவேடுகள்தான். இந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு வரைபடம் வந்தது. நான்கு கண்டங்கள், நான்கு தாள்கள். முதல் தாளை நல்லபடியாக முடித்தால் மீதி மூன்றும் அவருக்கே என்று தலைமை அதிகாரியம்மா சொல்லியிருந்தார்.

மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போன அன்று நானும் அதைப் பார்த்தேன். மேசை நிறைய ஆப்பிரிக்கா. கரையோரம் முழுக்க எறும்பு வரிசையாக ஊர்ப்பெயர்கள். கடலில் கப்பல்கள், வாலைத் தூக்கிய மீன்கள், மூலையில் கன்னத்தை உப்பிக் காற்று ஊதும் முகங்கள். நிலத்தின் நடுவிலோ ஊரே இல்லை. ஒரு யானை மட்டும் நின்றது.

“உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல,” என்றார் அண்ணி. “வெறுமனே விடவும் மனசு வரல. யானைய நிறுத்திட்டாங்க.”

“வரைஞ்சவர் போய்ப் பார்த்தாரா?”

“எங்க போனாரு. ஐரோப்பாவுல ஒரு அறையில உக்காந்து, கப்பல்ல வந்தவங்க சொன்னதக் கேட்டு வரைஞ்சிருப்பாரு.”

பக்கத்துத் தெருவுக்கு வழி சொன்னாலே தப்பாகப் போய்ச் சேருகிறவள் நான். யாரோ சொன்னதைக் கேட்டே ஒருவர் ஒரு கண்டத்தின் கரையைச் சுற்றி வந்திருக்கிறார். மலைத்துப்போய் நின்றேன்.

செப்புத் தகட்டில் கோடுகளைக் குழியாக வெட்டி, குழியில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்த படம் அது. அதனால் ஒவ்வொரு கோடும் தாளுக்கு மேலே ஒரு மயிரிழை எழும்பி நிற்கும். வம்பு என்னவென்றால், ஈ எச்சமும் அப்படித்தான் எழும்பி நிற்கும், அதுவும் கறுப்பாக. அண்ணி பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு சிறு கத்தியின் நுனியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். நாற்பத்தொன்று. கடைசியாக எடுத்தது தென்கடலில் தனியாக இருந்த ஒன்று.

மறுநாள் வேறொரு நூலகத்திலிருந்து, அதே தகட்டில் அச்சான இன்னொரு பிரதியின் புகைப்படம் வந்தது. வண்ணத்தை ஒப்பிட அண்ணிதான் கேட்டிருந்தார். அதில் தென்கடலில் அந்தப் புள்ளி இருந்தது. அண்ணி சுரண்டியது ஒரு தீவை.

“ஒரு புள்ளிதானே, விடு,” என்றான் அண்ணன், இரவுச் சாப்பாட்டின்போது. “யாருக்குத் தெரியப்போகுது?”

“அதுவும் அழுக்கா இருக்கலாமே அண்ணி,” என்றேன்.

“ரெண்டு ஊர்ல, ரெண்டு ஈ, ஒரே இடத்துலயா?” என்றார். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. சொன்னால் மீதி மூன்று கண்டங்களும் கைவிட்டுப் போகும் என்று அவருக்குத் தெரியும். காலையில், “என்கூட வர்றியா?” என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

தலைமை அதிகாரியம்மா முழுவதையும் கேட்டுவிட்டு இன்றைய அட்லஸ் ஒன்றைப் பிரித்தார். அந்த இடத்தில் வெறும் தண்ணீர். அப்படியொரு தீவே கிடையாது.

எனக்கு உயிர் வந்தது. “அப்ப அண்ணி தப்பைத் திருத்தியிருக்காங்க,” என்று உளறினேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

தாள் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அண்ணி அதைத் திருப்பிப் போட்டார். திரையை இழுத்துவிட்டு, டார்ச்சைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தார். வெறும் வெள்ளைப் பின்புறம் திடீரென்று உயிர்பெற்றது. கரை, கப்பல், யானை எல்லாம் பள்ளங்களாகத் தெரிந்தன. தென்கடலில், தனியாக, கடுகளவு ஒரு குழி. தகட்டின் குழிக்குள் தாள் அன்று புகுந்து வெளிவந்த தடம். மை போயிருந்தது, தீவு இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“மேகத்தப் பார்த்தானோ, திமிங்கிலத்தப் பார்த்தானோ,” என்றார் அண்ணி. “எவனோ ஒருத்தன் கப்பல்ல நின்னு பார்த்திருக்கான் மேடம். அதத்தான் நான் சுரண்டிட்டேன்.”

“மையால ஒரு புள்ளி வெச்சிடலாமா?” என்றார் அதிகாரியம்மா.

“வேண்டாம் மேடம். நான் வெச்சா அது என் தீவு.”

மீதி மூன்று தாள்கள் வேறொருவருக்குப் போயின. அண்ணி பதிவேடுகளுக்கே திரும்பினார். ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்காட்சியில் படத்தின் கீழே ஒரு வரி: ‘தென்கடலிலிருந்த சிறு தீவு, சுத்தம் செய்யும்போது தவறுதலாக நீக்கப்பட்டது.’

திறப்பு நாளன்று குடும்பத்தோடு போனோம். வந்தவர்கள் யானையைப் பார்த்தார்கள், கப்பல்களைப் பார்த்தார்கள். அந்த வரியைப் படித்ததும் ஒருவர் விடாமல் குனிந்து, கண்ணாடியில் மூக்கு முட்ட, வெறும் கடலைத் துழாவினார்கள். விடச் சொன்ன அண்ணனும்தான் குனிந்தான்.

அண்ணி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தக் கப்பல்காரனுக்கு அப்புறம்,” என்றார் என்னிடம், “இத்தன பேரு அதத் தேடியிருக்க மாட்டாங்க.”