ஸ்டேஷனின் பின்பக்கம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி ஒரு பழைய போட்டோ போட்டிருக்கிறான். கீழே, "2008 கொலு. நான் செஞ்ச ரயில்வே ஸ்டேஷன்." பார்த்ததும் பசையின் நெடி மூக்கில் ஏறியது.

செய்தது நான். எட்டாவது படித்தேன். சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த மாடல் செட் பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் துண்டுகளை நகவெட்டியால் நறுக்கி, குண்டூசி முனையில் பசை தொட்டு, இரண்டு மாதம் ஒட்டினேன். செம்மண்டலம் வீட்டுக் கொலுவில், கேழ்வரகு முளைவிட்ட பூங்காவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி அதை வைத்தோம்.

"எங்க பையன் செஞ்சதுங்க. பொறுமை ஜாஸ்தி அவனுக்கு" என்றார் அப்பா, வந்தவர்களிடம். தம்பி சிரித்துக்கொண்டு நின்றான். ஸ்டேஷனைத் தூக்கப் போன என் கையை அம்மா பிடித்தாள். "கொலு முடியறவரைக்கும் எதையும் எடுக்கக் கூடாதுடி." ஒன்பது நாளும் அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டே சுண்டல் கொடுத்தேன்.

அப்பாவாவது பெருமைக்குச் சொன்னார். இவன் நம்பியே விட்டான்!

"ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எத்தனை ஜன்னல்டா?" என்று குழுவில் கேட்டேன்.

அம்மாதான் பதில் போட்டாள்: "இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

மூன்று ஜன்னல். அதில் ஒன்றுக்குக் கம்பி வைக்கப் பசை போதவில்லை.