பதினேழாம் செஷன் யாருடையது?

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கேட்டில் ஸ்க்ரீன் உறைந்தால் எண்ணூர் சாலை வரை ட்ரெய்லர் நிற்கும். அந்த வாரம் அடிக்கடி உறைந்தது.

ஒருவர் ரெக்கார்டைத் திருத்த எடுத்தால், சேவ் பண்ணும்வரை மற்றவர்களுக்கு அது லாக். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு செஷன் எண் உண்டு. எந்த செஷன் லாக் வைத்திருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். பதினேழு என்றது. அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார்.

"யாருய்யா லாக் பண்ணது?"

யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். பதினேழு, கேட் கிளார்க் ஸ்டெல்லா. முந்தைய தடவைகளிலும் எண்தான் மாறியது, பெயர் மாறவில்லை.

"நான் சொல்லல? துட்டு குடுக்காத வண்டிய வேணும்னே நிறுத்துது. சாயங்காலம் கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

ஸ்டெல்லா வாசலில் நின்றிருந்தார். "இன்னா சார், உன் கம்ப்யூட்டருக்கு என் பேரு மட்டும்தான் தெரியுமா? ஸ்க்ரீன் தொங்கிச்சின்னா வெளிய போயி திரும்ப உள்ள வரோம். எல்லாரும்தான் பண்றாங்கோ. நான் கொஞ்சம் சுருக்கா வரேன், அவ்ளோதான்."

எனக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கம்மி. கம்ப்யூட்டர் மேல் அதைவிடக் கம்மி. ஸ்டெல்லா லாகின் ஆன நேரத்தைப் பார்த்தேன். லாக் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்திருக்கிறார். பிறகு வந்தவர் எப்படிப் பூட்டியிருக்க முடியும்? இரண்டு பட்டியலுக்கும் நடுவில் யாரோ நழுவியிருக்கிறார்கள். அவர் வெளியே போனதும் காலியான பதினேழு, முதலில் திரும்பி வந்த ஸ்டெல்லாவுக்குப் போயிருக்கிறது.

"நாளைக்கு ஒருநாள் பொறுங்க சார்" என்றேன்.

"நீயும் கூட்டா?" என்றார் மேனேஜர். ஆனாலும் ஒருநாள் விட்டார்.

எண்ணும் பெயரும் ஒன்றாக வரும்படி ஒரே க்வெரி, டேட்டாபேஸிடம் ஒரே கேள்வி, எழுதி வைத்தேன். மறுநாள் உறைந்ததும் ஓட்டினேன். வந்தது ஒரே வரி. மேனேஜர் வழக்கம்போல ஓடி வந்தார்.

"அவதானே?"

ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்பினேன். அவருடைய பெயர்.

ரெக்கார்டைத் திறந்து வைத்துவிட்டு டீக்குப் போவார். ஹாரன் சத்தம் கேட்டதும் ஸ்க்ரீனை மூடிவிட்டு என்னிடம் ஓடி வருவார். அவரோடு லாக்கும் போய்விடும், எண்ணும் காலியாகிவிடும்.

"அப்போ இன்னிக்கி சாயங்காலம் யாருக்கு சார் கணக்கு முடிக்கிறது?" என்றார் வாசலில் வந்து நின்ற ஸ்டெல்லா. மேனேஜர் தன் ஸ்க்ரீனுக்குத் திரும்பிப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணை ஒரு நொடியிலும் பெயரை இன்னொரு நொடியிலும் எடுத்து, ஒருவர் பிழைப்பில் மண் போடாதீர்கள். ஒரே க்வெரியில் வந்தாலும் நான் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.