கியேவ் ராசாவும் தோட்டவெளி மருமகளும்

வெளிவாரிப் பட்டத்துக்கு வரலாறு படிப்பிக்கிற ஆளுக்குச் சனிக்கிழமைச் சோறு ஆறித்தான் கிடைக்கும். நல்ல கேள்வி எல்லாத்தையும் வகுப்பு முடிஞ்சு நான் குடை விரிக்கேக்கதான் கேப்பினம். மன்னார் டவுனில ஒரு மேல்மாடி அறை. வாறவை எல்லாரும் வேலை, பிள்ளைகுட்டி உள்ள ஆக்கள். உங்களில ஆரும் இந்தத் தொழிலில இருந்தால் சொல்லாமலே விளங்கும்.

கூட்டம் வைக்காத ராசா

இந்த முறை பாடம், ஆயிரம் வருசத்துக்கு முந்திப் புல்வெளியில குதிரையோட அலைஞ்ச கூட்டங்களும் கியேவ் நகரத்து ஸ்லாவிய அரசர்களும். குதிரைக்காரர் மந்தையோட வருவினம், ஊரைக் கொளுத்துவினம், அரசர் படையெடுப்பார். கட்டுக்கரையில வயல் செய்யிற சிவராசா அண்ணை என்னைவிடப் பத்து வயது மூப்பு, கமக்காரர் அமைப்பின்ர செயலாளர். மாதிரி வினாவுக்குப் போரைப் பற்றி ஒரு வரியும் எழுதேல்ல. விதைப்புக்கு முதல் கூட்டம் போட்டு, எந்தத் தேதிக்குள்ள மாடெல்லாம் வயலை விட்டுப் போகவேணும் எண்டு முடிவெடுக்கிறது எப்பிடி எண்டு மூண்டு பக்கம். இது கியேவ், கட்டுக்கரை இல்லை எண்டன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

“அது சரி டீச்சர், அறிவித்தல் ஒட்டாமல் படையைக் கொண்டு போனது ராசாவில பிழைதானே?”

சமாதானக் கலியாணம்

ஜெசிந்தா தோட்டவெளியில முன்பள்ளி நடத்திறவ. இந்தப் பாடத்தில ரெண்டு தரம் கோட்டை விட்டிட்டா. இது கடைசித் தரம். தவறினால் பட்டமே இல்லை, ஆறு வருசப் படிப்பும் வீண். அதால நான் அவவோட கொஞ்சம் கடுமைதான்.

அண்டைக்குப் படிப்பிச்சது ஒரு கலியாணம். கியேவ் அரசர் ஒருத்தர் சமாதானத்துக்காகக் குதிரைக்காரத் தலைவன்ர மகளைக் கட்டினார். ரெண்டு வருசத்தில மாமனார் திரும்பப் படையோட வந்து, சண்டையில செத்துப்போனார். மருமகனே உடலை எடுத்து வந்து, மாமனாராயும் எதிரியாயும் அடக்கம் செய்தார். மகளின்ர பேர் பழைய ஏட்டில இல்லை எண்டன்.

ஜெசிந்தா பேனையை மூடினா. அவ வாடிக்காரர் மகளாம். எனக்கு அண்டுதான் தெரியும். சீசனுக்கு வெளியூரால வந்து கரையில வாடி எண்டு கொட்டில் போட்டு மீன்பிடிக்கிற ஆக்களுக்கும் ஊராருக்கும் வலை போடுற இடத்தில தகராறு. அது தீரத்தான் அவவை இஞ்ச கட்டிக்குடுத்தவை. இப்பவும் சீசன் வந்தால் அவவின்ர அப்பாவும் புருசனும் முகம் பார்க்கிறேல்ல.

“சமாதானத்துக்குக் குடுத்த பெட்டையின்ர பேர்கூட எழுதி வைக்கேல்லையோ, டீச்சர்?”

ரெண்டு வரி

சோதினையில அந்தக் கலியாணமே வந்தது. வெளிய வந்த ஜெசிந்தா, தகப்பனுக்கும் புருசனுக்கும் நடுவில நிண்ட அந்த மகளைப் பற்றி நாலு பக்கம் எழுதினதாச் சொன்னா. அரசரைப் பற்றி? ரெண்டு வரியாம். எனக்குக் கோவம் வந்திட்டுது, வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன். அந்த மனிசி அப்பிடியே போய் பஸ் ஏறினா. ரிசல்ட் வரும்வரைக்கும் அது என்ர நெஞ்சுக்குள்ள முள்ளாக் கிடந்தது.

பாஸ். சொல்ல வீட்டுக்கே வந்தா. படலையில ஒரு ஓட்டோ. உள்ளுக்க அவவின்ர அப்பா அந்தக் கரை, புருசன் இந்தக் கரை, நடுவில ஒரு பை பாரை மீன்.

“ரெண்டு பேரையும் உயிரோட ஒரே ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தனான், டீச்சர். அந்தப் பெட்டைக்கு அது கிடைக்கேல்ல.”

இப்ப நானும் ராசாவுக்கு ரெண்டு வரி, அந்தப் பேரில்லாத மகளுக்கு நாலு பக்கம் எண்டுதான் படிப்பிக்கிறன், சோறு மட்டும் இன்னும் ஆறித்தான் கிடைக்குது.