ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன்

இரண்டாவது மாத்திரை போட்டு மூன்றாம் நாள், சுவிசில் லுசேர்ண் நகர ரயில் நிலையப் படிகளில் என் கணவர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் வந்த சனம் விலகி விலகிப் போனது.

"என்னப்பா?" என்றேன்.

"நிலம் ஆடுது."

"வேலைக் களைப்பு. வாங்கோ, பஸ் போகப்போகுது."

அதுதான் முதல் அறிகுறி. அதற்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

2014ஆம் ஆண்டு அது. இவர் இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபது வருடம் வேலை செய்தவர். இவருடைய அண்ணர் இளவயதிலேயே சாம்பியாவுக்குக் கணக்கு வாத்தியாராகப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று செய்தி வந்ததும் டிக்கெட் போட்டோம். மலேரியா உள்ள நாடு என்பதால், பயணிகளுக்கு ஊசியும் மருந்தும் கொடுக்கும் கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். என் ஜெர்மன் கொஞ்சம் திறம் என்பதால் இரண்டுக்கும் பேனா என் கையில்தான். ஏழாவது கேள்வி: மனச்சோர்வு, மனப்பதற்றம் அல்லது வேறு மனநோய், வலிப்பு எப்போதாவது இருந்ததா?

இருந்தது. கொழும்பில் பொலிசார் பிடித்து அடைத்து வைத்திருந்து விடுவித்த பிறகுதான் இவர் சுவிசுக்கு வந்தார். கல்யாணம் செய்த முதல் வருடமே ஆறு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தார். யாரோ பிடிக்க வருகிறார்கள் என்ற பயம். சுகமாகித்தான் வந்தார். அதன்பிறகு அந்த ஆறு மாதத்தை நாங்கள் வீட்டுக்குள்கூடக் கதைத்ததில்லை.

படிவம் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அகதி விண்ணப்பக் காலத்தில், ஒரு தாளில் எழுதியது இன்னொரு தாளோடு முட்டுப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கி வாழ்ந்தவர்கள் நாங்கள். சந்தேகம் என்றால் 'இல்லை' என்று போடு, வம்பில்லை என்றுதான் முன்னே வந்தவர்கள் பின்னே வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நேரம் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் வேறு முடிவில்லாமல் கிடந்தது. மகளுக்கும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

"இஞ்சேரப்பா, அந்த விசயம்..." என்று இவர் மெல்லத் தொடங்கினார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். 'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

டொக்டர் பொறுமையான பெண். தாளைப் பார்த்துவிட்டு, "ஏழாவது கேள்வி முக்கியம். இரண்டு பேருக்கும் இல்லைத்தானே?" என்று திரும்பவும் கேட்டார். "எங்களுக்கென்ன குறை டொக்டர்!" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது.

மெஃப்ளோகுயின் (மலேரியா வராமல் தடுக்க வாரம் ஒன்று போடும் மாத்திரை) எழுதித் தந்தார். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னரே தொடங்கச் சொன்னார். உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று இங்கேயே தெரிந்துவிடுமாம். "பயம், கெட்ட கனவு, தலைச்சுற்று, மனக்குழப்பம், எது வந்தாலும் அடுத்ததைப் போடாமல் உடனே எனக்குப் போன் பண்ணுங்கள். வேறு மருந்து இருக்கிறது" என்றார். எல்லாம் எழுதிய தாளும் தந்தார். அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன்.

நானும் அதே மாத்திரையைத்தான் போட்டேன். எனக்கு ஒரு தலையிடிகூட வரவில்லை. அதனால் இவருடைய தலைச்சுற்றுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு இவர் கதிரையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்காரத் தொடங்கினார். வேலையிடத்தில் தலைமைச் சமையற்காரர் தன்னைப் பற்றி எழுதி வைக்கிறார் என்றார். நான் அந்த முகத்தை முன்பு கண்டவள். அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் போன் பண்ணினால் அந்தப் புள்ளடியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவது மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். "அண்ணையைப் பாக்க வேண்டாமோ? போடுங்கோ." பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் நான் வேலையால் வந்தபோது, இவர் மொத்தக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, பழைய அகதிப் பத்திரங்களை நெஞ்சோடு அணைத்தபடி குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். வெளியே ஆடி மாத வெயில். "சத்தம் போடாதை. கீழை வந்து நிக்கிறாங்கள்" என்றார். அவர் உடம்பு முழுக்க வேர்வை. அப்போதுதான் போன் எடுத்தேன்.

டொக்டர் எங்களை உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லி, தானும் வந்தார். தாழ்வாரத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, இவர் சுகமாவாரா என்பது அல்ல. "இது குடியுரிமை கொடுக்கிற ஆட்களுக்குப் போகுமோ?" என்றுதான் கேட்டேன்.

"நீங்கள் எனக்குச் சொல்வது எவருக்கும் போகாது. அன்றைக்கும் போயிருக்காது" என்றார் டொக்டர்.

மாத்திரை நிறுத்தப்பட்டது. ஆனால் நிறுத்திய உடனே உடம்பை விட்டுப் போகிற மருந்தில்லை அது, வாரக்கணக்கில் தங்கும். ஐந்து வாரம் இவர் மருத்துவமனையில் இருந்தார். பயம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. தலைச்சுற்று தேயவில்லை. உட்காதில் உள்ள வெஸ்டிபுலர் உறுப்பு (உடலின் சமநிலையைக் காப்பது) பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். டினிட்டஸும் (காதுக்குள் ஓயாத இரைச்சல்) தங்கிவிட்டது. கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் இனி நிற்கக்கூடாது என்றார்கள். வேலை போயிற்று. பயணமும் நின்றுபோயிற்று. அடுத்த தை மாதம் சாம்பியாவில் அண்ணர் காலமானார். இவர் இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டே போனில் செத்தவீட்டு அழுகையைக் கேட்டார்.

மாத்திரை போடப்போகிறவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மலேரியாவும் ஆளைக் கொல்லும். தடுப்பு மருந்து வேண்டும். எந்த மருந்து யாருக்கு ஆகாது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்விகள். டொக்டரின் மேசை விசாரணை மேசை அல்ல. ஒன்றும் ஒளிக்காதீர்கள். உடம்பு மாறினால் அடுத்ததை விழுங்குமுன் கேளுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

இப்போது எங்கள் வீட்டில் நேரம் விநாடிகளில்தான் போகிறது. பிசியோதெரபியில் (உடற்பயிற்சிச் சிகிச்சை) சொல்லித் தந்தபடி தினமும் காலையில் குசினி நடுவே இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்று எண்ணுவேன். முதல் மாதம் நாலு வரை போனது. இப்போது பதினெட்டு, இருபது. கண்ணை மூடினால் தன் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்பார். உடம்பு இரவல் வாங்கின உடுப்பு மாதிரி இருக்கிறதாம்.

போன கிழமை நான் ஒன்பது எண்ணியபோது, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அண்டைக்கு அந்தப் பேப்பர் நிரப்பேக்கை, என்னை நினைச்சு வெக்கப்பட்டனியோ?"

குடியுரிமை, பிள்ளையின் கல்யாணம் என்று சொல்வதற்குக் காரணங்கள் வரிசையாக வாய்க்குள் நின்றன.

"ஓம்" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. எண்ண மறந்துவிட்டேன்.