ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டிய ஜீப்

ராஜினியின் வேலை மரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரத்தில் கண்ணிவெடி அகற்றும் பெண்களுக்கு அவள்தான் அம்புலன்ஸ் சாரதி. அம்புலன்ஸ் என்று பெயர்தான். பின்னால் படுக்கை கட்டிய, முப்பது வயது தாண்டிய டீசல் ஜீப் அது. மூக்கு, ஆஸ்பத்திரி இருக்கும் வவுனியாப் பக்கம் பார்த்தபடி நிற்கும். அது நிற்காத நாளில் ஒருத்தியும் கண்ணிவெடி எல்லையைக் காட்டும் சிவப்புக் கட்டையைத் தாண்டி உள்ளே போகக்கூடாது என்பது சட்டம்.

ஆறு வருடங்களில் அவள் ஒரு காயக்காரரையும் ஏற்றியதில்லை. "மரத்தடி மகாராணி" என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள், அவளும் சிரிப்பாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்துத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவளுடையது. தகப்பன் போரின் கடைசி மாதங்களில் காயப்பட்டு, ஏற்றிப்போக வாகனம் கிடைக்காமல் செத்தார். அதற்குப் பிறகுதான் அவள் வாகனம் ஓட்டப் பழகினாள். இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறாள் என்று கதைக்கிறவர்களுக்காக நான் சொல்கிறேன்.

ஆவணியில் ரேடியேற்றரில் தண்ணீர் குறையத் தொடங்கியது. காலையில் நிரப்பினால் மறுநாள் ஒரு கோப்பை குறைந்திருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுக்கில்லை, எண்ணெயிலும் தண்ணீர் கலக்கவில்லை. வவுனியாவில் வாகனம் திருத்தும் கராச்சில் சிவராசா, எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டுக்குக் கீழே ஒழுகாமல் அடைக்கும் காஸ்கட்டை மாற்றிக் கொடுத்தார். ஓட்டியும் பார்த்தார்கள், நன்றாக ஓடியது. அப்படியும் தண்ணீர் குறைந்தது.

போகிற தண்ணீர் எங்கேதான் போகிறது? ராஜினி யோசித்துப் பார்த்தாள். தினமும் அவள் செய்யும் சோதனை பக்கத்து மதகு வரை போய்த் திரும்புவதுதான். அதற்குள் எஞ்சின் சரியாகச் சூடாவதேயில்லை. குளிரில் மூடிக்கிடக்கும் ஏதோ ஒன்று சூட்டில் திறக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

ஒருநாள் வேலை முடிந்ததும், பின்னால் காயக்காரர் கிடந்தால் எப்படிப் பறப்பாளோ அப்படி ஆஸ்பத்திரி வீதியில் ஜீப்பை விரட்டினாள். புளியங்குளம் வரவில்லை, அதற்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. முன்மூடியைத் திறந்தால், ரேடியேற்றரின் மேல்குழாய் கல்லுப்போல் விறைத்திருந்தது. பக்கத்துப் போத்தலில் தண்ணீர் உலைபோலக் குமிழி விட்டது. எஞ்சின் நின்றுபோனது. வீதியோரத்தில் குந்தியிருந்து அழுதாள்.

எஞ்சின் ஆறியபிறகு தண்ணீர் ஊற்றி, நின்று நின்று திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் ஜனகனிடம் போனாள்.

"இண்டைக்கு ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதேங்கோ. ஹெட்டில கிராக்."

"காஸ்கட் இப்பத்தானே மாத்தினது?"

"அதாலதான் சொல்லுறன். காஸ்கட் இல்ல, ஹெட்தான்."

ஜனகன் கெட்டவனல்ல. மழைக்கு முதல் அந்தக் காணியைத் துப்புரவாக்கிக் கொடுத்தால் காணிக்காரர் இந்த மாரிக்கே விதைக்கலாம். பெண்களுக்கும் அந்த அவசரம்தான். முதலில் பாய்ந்தவள் ராஜினியின் சொந்தத் தங்கச்சி கஜேந்தினி. அவளும் கண்ணிவெடி எடுக்கிறவள்.

"கொஞ்ச நாள்தானே அக்கா. தண்ணியை ஊத்தி ஊத்தி நிப்பாட்டி வையன். ஒண்டும் நடக்காது."

சொன்னதோடு நிற்காமல் தன் குடிதண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து ஜீப்புக்கு முன்னால் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வைத்தார்கள். வெயிலில் தாங்கள் குடிக்கிற தண்ணீர்! ஆனாலும் ராஜினி சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வேலை நின்றது.

ஜீப்பை வவுனியாவுக்கு இழுத்துப் போனார்கள். அக்காவோடு சண்டை முடியாததால் கஜேந்தினியும் கூடவே போனாள். சிவராசா ஹெட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சோக்குக் கட்டித் தூளைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே, வெள்ளைத் தூளில் வெடிப்பின் ஈரக்கோடு ஒன்று ஊறி வந்தது.

"இந்த மயிரிழைக்கோ வேலையை நிப்பாட்டினனீ?" என்றாள் கஜேந்தினி.

"பிள்ளை, எஞ்சின் கொதிக்கேக்க இது வாயைத் திறக்கும். அண்டைக்கு நடுவழியில நிண்டது இதாலதான்" என்றார் சிவராசா.

கஜேந்தினி அக்காவைப் பார்த்தாள். "எங்க நிண்டது?"

"புளியங்குளம் வர முதலே. பாதித் தூரம் கூடப் போகேல்ல."

கஜேந்தினி குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல, "இதை நம்பித்தானே அக்கா நான் ஒவ்வொரு நாளும் உள்ளுக்குப் போனனான்" என்றாள்.

"நானும் இதை நம்பித்தானடி உன்னைப் போக விட்டனான்" என்றாள் ராஜினி.